வேறெங்கும் இருக்க முடியாத எண்

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. "சந்திரசேகரன் தவறிட்டாருங்க," என்றது ஒரு பெண்குரல். எனக்கு எந்தச் சந்திரசேகரனையும் தெரியாது. "யாரும்மா நீங்க, என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்று வெடுக்கென்று கேட்டேன். சாவைச் சொல்லியும் ஏமாற்றுகிற காலம் இது. "நான் அவரு மகள். அப்பா போன்ல 'அவசரம்'னு ஒரு நம்பர் இருந்துச்சு. அவசரத்துக்குக் கூப்பிடுற நம்பராக்கும்னு எடுத்தேன். அப்பா முன்னாடி கண்டி ரயில்ல பேப்பர்ல வர்ற நம்பர் கட்டம் போட்டுக்கிட்டுப் போவாரு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்த அவசரம் நான்தான். ஆனால் அவருடைய பெயர் சந்திரசேகரன் என்பதை அவர் இறந்த செய்தியில்தான் தெரிந்துகொண்டேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் மாத்தளையிலிருந்து கண்டிக்குக் காலை ரயிலில் போய்வந்தவர்களே, உங்களுக்கும் அவர் பேனாக்காரர்தான். சுடோகு கட்டத்தைப் பென்சிலால் போட்டுப் போட்டு அழிக்கிறவர்கள் நாம். அவர் மட்டும் நீலப் பேனாவால் எழுதுவார். ஒரு எண்ணையும் வெட்டி நான் பார்த்ததில்லை. பெயர் கேட்டால் சிரிப்பார், ஊர் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். அந்த நாட்களில் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. கேட்கிறவனைத்தான் சந்தேகிப்பார்கள்.

எதையும் நம்பாத மனிதர். உட்காருமுன் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பார். நாம் எல்லோரும் அப்போது அப்படித்தான் பார்த்தோம், ஆனால் அவர் எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடியும் பார்ப்பார். யாராவது தேநீர் நீட்டினால், "நீங்க குடிங்க, நான் பாக்குறேன்," என்பார். பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்பக்கத்துல எழுதினவன் யாரு, எதுக்கு எழுதினான்னு நமக்குத் தெரியாது தம்பி. இந்தக் கட்டத்துல யாரும் பொய் சொல்ல முடியாது," என்றார். அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. மறுநாள் வருகிற விடையை வரிசை வரிசையாகச் சரிபார்ப்பார். ஒருமுறை விடையில் ஒரே வரிசையில் இரண்டு ஏழு வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எழுத்துக் கோர்த்தவன் பாவம், கண் தவறியிருக்கும் என்று பரிந்து பேசினேன். "கண் தவறுச்சா, வேணும்னு போட்டானா, யாருக்குத் தெரியும்?" என்றார்.

இவரைப் பற்றியும் ரயிலில் ஒரு பேச்சு இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. நல்ல சிங்களம், பெயர் கிடையாது, ஊர் கிடையாது. பொலிசுக்குத் தகவல் கொடுக்கிற ஆள் என்று ஒரு பக்கம் முணுமுணுத்தார்கள். அந்தப் பக்கத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவரோடு ஒட்டுதல் வந்ததே ஒரு சண்டையால்தான். அவர் பாதி போட்ட கட்டத்தை ஒருநாள் மாலை வாங்கி, பார்த்த மாத்திரத்தில் ஒரு ஐந்தைப் போட்டேன். வத்தேகமை ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முழுக் கட்டமும் குழம்பிப்போனது. "எதுக்கு ஐஞ்சு போட்டீங்க?" என்றார். "இருக்கலாம்னு தோணுச்சு." அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "இருக்கலாம்னு தோணுறத எழுதாதீங்க தம்பி. வேற எங்கயும் இருக்க முடியாதுன்னா மட்டும் எழுதுங்க. இந்த நாட்டுல இருக்கலாம்னு சொல்லியே எத்தன பேரத் தூக்கிக்கிட்டுப் போயிட்டானுங்க." பிறகு பையிலிருந்து ஒரு பழைய கலண்டர் தாளை எடுத்து, அதன் பின்புறத்தில் நாலுக்கு நாலு என்று ஒரு சின்னக் கட்டம் கீறினார். "பெரிசு உங்களுக்குச் சரிவராது. பிள்ளைகள் போடுறத மொதல்ல போடுங்க." எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.

அந்தத் தாள்தான் மறுநாள் காலை மாத்தளை ஸ்டேஷன் வாசலில் சார்ஜன்ட் கையில் இருந்தது.

வழக்கமாகப் பையை மட்டும் பார்த்து விட்டுவிடுவார்கள். அன்று சட்டைப்பையையும் தடவினார்கள். "மே மொகக்த?" என்றார் சார்ஜன்ட். இது என்ன? கட்டங்கள், அங்கங்கே எண்கள், நடுவே வெறுமை. தாளைத் திருப்பினால் ஒரு தேதி, அதன்மேல் அமாவாசையைக் காட்டும் கறுப்பு வட்டம். அந்தத் தேதியில் என்ன நடந்தது, ஏன் கறுப்பு அடையாளம் என்று கேள்விமேல் கேள்வி. அடையாள அட்டையைக் கேட்டார். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு அப்பா பிழைப்புத் தேடிப் போன இடத்தில் பிறந்தவன் நான். பிறந்த இடம், யுத்தம் நடந்த வடக்கிலுள்ள வவுனியா என்று அட்டையில் இருந்தது. அவர் அதை இரண்டாம் முறையும் வாசித்தார். எங்கள் அச்சகத்துக்கு அடுத்த கடைப் பையன் ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோய், அவன் திரும்பி வந்ததே பெரிய காரியம் என்றாகியிருந்த சமயம் அது.

இது விளையாட்டு, போட்டுக் காட்டுகிறேன் என்றேன். மேல் வரிசையில் முதலில் ஒன்று, கடைசியில் நான்கு இருந்தது. இடையில் இரண்டு வெற்றுக் கட்டம். அவசரத்தில் இரண்டாம் கட்டத்தில் மூன்றை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் கடைசி நிரலில், அதாவது மேலிருந்து கீழே போகும் வரிசையில், மூன்று இரண்டு தடவை வந்து நின்றது. ஒரு நிரலில் ஒரு எண் ஒரு தடவைதான் வரலாம் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். "உன்னோட விளையாட்டு உனக்கே தெரியாதா?" என்றார் சார்ஜன்ட். ஓரமாக நிற்கச் சொன்னார். பொலிஸ்காரன் ஒருவன் ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

ரயில் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னல்களில் நீங்கள் எல்லோரும் தெரிந்தீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பேன். பேனாக்காரர் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி வாசலை நோக்கி நடந்து வந்தபோது, இவர் பொலிசின் ஆள்தான், இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்றுதான் எனக்குப் பட்டது. அவர் வந்து, "அந்தக் கட்டம் நான் போட்டது மாத்தயா," என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். பின்னால் ரயில் கிளம்பிவிட்டது.

சார்ஜன்ட் அவருடைய அட்டையை வாங்கிப் பெயரையும் விலாசத்தையும் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், வாய்விட்டு வாசிக்கவில்லை. "சரி, நீ போட்டுக் காட்டு," என்றார். பேனாக்காரர் பேனாவை அவர் பக்கமே நீட்டினார்.

"நான் போட்டா நம்புவீங்களா? மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்னு சொல்லுவீங்க. நீங்களே போடுங்க. நான் ஒரு நம்பரும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கட்டம் எனக்கு இன்னும் மனப்பாடம். மேல் வரிசையில் முதலில் ஒன்று, கடைசியில் நான்கு. அடுத்த வரிசையில் மூன்றாம் கட்டத்தில் ஒன்று மட்டும். மூன்றாம் வரிசையில் இரண்டாம் கட்டத்தில் ஒன்று, கடைசியில் மூன்று. அடி வரிசையில் முதலில் நான்கு. மற்றதெல்லாம் வெறுமை. ஒன்றிலிருந்து நான்குவரை ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நிரலிலும், நான்கு மூலையிலுள்ள சின்னச் சதுரங்களிலும் ஒரு தடவை வரவேண்டும். அவ்வளவுதான் சட்டம். பேனாக்காரர் என் எண்களை அடித்துவிட்டு, பக்கத்திலேயே அதைப் புதிதாகக் கீறி, பேனாவைச் சார்ஜன்ட்டிடம் கொடுத்தார்.

"கடைசி நிரலப் பாருங்க. என்ன இருக்கு?"

"நாலு. மூணு."

"என்ன இல்ல?"

"ஒண்ணும் ரெண்டும்."

"இடம் ரெண்டு இருக்கு. ரெண்டாம் வரிசையில ஒண்ணப் போட முடியுமா?"

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். "முடியாது. அந்த வரிசையில ஒண்ணு ஏற்கெனவே இருக்கே."

"அப்ப?"

அவர் அங்கே இரண்டை எழுதினார். கேட்காமலே அடி வரிசைக் கடைசியில் ஒன்றையும் எழுதினார். அதன்பின் மேல் வலப்பக்கச் சதுரத்தில் ஒரே இடம்தான் மிச்சம், மூன்று. அதனால் மேல் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு. நான் மூன்றைத் திணித்த இடம் அது. அடுத்த வரிசையில் மூன்றும் நான்கும் பாக்கி. முதல் நிரலின் அடியில் நான்கு இருப்பதால், அங்கே மூன்றுதான் வரமுடியும், அதன் பக்கத்தில் நான்கு. முதல் நிரலில் விடுபட்டது இரண்டு. அதைப் போட்டதும் மூன்றாம் வரிசையில் நான்கு தானாக வந்தது. அடி வரிசையின் கடைசி இரண்டு கட்டங்களுக்குப் பேனாக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சார்ஜன்ட் மூன்றையும் இரண்டையும் எழுதிவிட்டு, வரிசையும் நிரலும் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஜீப் பக்கம் போனவனைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார்.

"இதுக்குள்ள வேற ஒண்ணும் இல்லையே?" என்றார் கடைசியில்.

"நீங்கதானே எழுதினீங்க," என்றார் பேனாக்காரர்.

தாளைச் சார்ஜன்ட்டே வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார். இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பேனாவைச் சட்டையில் குத்தப் பேனாக்காரருக்கு முடியவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஏன் அண்ணன் எறங்கி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என் கையெழுத்து தம்பி. உங்கள ரெண்டு தட்டு தட்டினா என் பேரச் சொல்லியிருப்பீங்க. வீட்டுக்கு வந்திருப்பானுங்க. அதான் முந்திக்கிட்டேன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானா வந்தார் என்று மனம் கசந்துபோனது. அதன்பின்னும் ஒன்றாகக் கட்டம் போட்டோம், என் போன் நம்பரைக் கொடுத்தேன்; பெயருக்குப் பதில் என் அவசரப் புத்தியைத்தான் பதிந்துகொண்டார் போல. அவர் தன்னுடையதைத் தரவில்லை. யுத்தம் முடிந்து எனக்கு மாத்தளையிலேயே வேலை கிடைத்தது, ரயில் விட்டுப்போனது. இத்தனை வருடமும் அந்தப் பதிலை அவர் சொன்னபடியே நம்பியிருந்தேன். எதையும் நம்பாத மனிதர் சொன்னதை!

மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அன்று நடந்ததை அவர் மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா அது? ஸ்டேஷன்ல பேரு எழுதினாங்கன்னு பொலிசு வீடு தேடி வந்து விசாரிச்சாங்க, மறுபடியும் வந்தாங்க. யாருக்காக இந்த வம்புன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். வாயே தொறக்கலீங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் முறையிலேயே போட்டுப் பார்த்தேன். பொலிசின் ஆள் என்றால் பொலிசு அவர் வீட்டுக்கு வந்து விசாரிக்காது. அது போயிற்று. என் பெயரைச் சொல்லியிருப்பீர்கள் என்றாரே, எந்தப் பெயரை? எத்தனை தட்டு தட்டினாலும் என்னிடம் சொல்வதற்கு 'பேனாக்காரர்' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. வீடு தெரியாது, வேலை செய்த இடம் தெரியாது. ரயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தால் அவரை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, அது அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நமக்கெல்லாம் தராமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயரை அன்று வாசலில் அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். ஆக அவர் சொன்ன காரணமும் போயிற்று.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். வேறெங்கும் அது இருக்க முடியாது, ஆகவே பேனாவாலேயே எழுதுகிறேன்: சந்திரசேகரன் அண்ணன் எனக்காகத்தான் இறங்கி வந்தார்.