கோணலாய் விழுந்த மூன்றாம் புள்ளி

பழனிக்கு மேலே மலையில் இருக்கிற பள்ளங்கியில் முதன்முதலில் கல் வைத்து வீடு கட்டியவன் நான். அதற்கு முன்னால் எங்கள் பக்கம் எல்லாம் மண் சுவரும் தகரமும்தான். மலைக்கோடியில் இருக்கிற கிளாவரைக்கு ஜீப் போகவே போகாது என்று ஊரே சொன்ன காலத்தில், கடப்பாரையால் பாறையைப் பெயர்த்துப் பள்ளத்தில் போட்டு, முட்டைக்கோஸ் மூட்டையோடு ஜீப்பை இறக்கிக் கொண்டுவந்தவனும் நான்தான். ஒரே ஒரு பொதிகுதிரையோடு தொழிலுக்கு வந்தவன், நான்கு ஜீப் ஓட்டினேன். இரண்டு பெண்களையும் டீச்சருக்குப் படிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் இத்தனையும் கட்டிய இந்த வலது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு வேலும் மூன்று புள்ளியும் பச்சை குத்தியிருக்கிறது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி. எழுபதுகளின் நடுவில், பழனியில், ஒரு தைப்பூசத்தன்று அது ஆரம்பித்தது.

அப்போது நான் குடிகாரன். சாராயக் கடைகளை எல்லாம் சாத்தியிருந்த காலம்தான். ஆனால் மலைக்கு யார் பூட்டுப் போடுவது? எந்தச் சோலைக்குள் எந்த ஓடைக்கரையில் சாராய ஊறல் கிடக்கிறது என்று என் குதிரைக்கே தெரியும். ஒருநாள் மத்தியானம் குடித்துவிட்டு வீட்டு வாசலில் விழுந்து கிடந்தேன். குதிரையைக் கட்டவில்லை. அது மேய்ந்துகொண்டே போக, மூன்று வயது சின்ன மகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, பள்ளத்து விளிம்பு வரைக்கும் போய்விட்டாள். தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்து ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் வீட்டில் என் மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, கொடியில் துணி இல்லை. பழனிக்குப் பக்கத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

பூசத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நானும் கீழே இறங்கினேன். சாமி கும்பிட்ட கையோடு மாமியார் வீட்டுக்குப் போனேன். என் மனைவி வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"நான் விட்டுட்டேன் புள்ள" என்றேன்.

"எத்தன தடவ விட்டுட்டீங்க? சூடத்த அணைச்சுப் பண்ணின சத்தியம் சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சா? கோயிலுக்கு வந்தீங்க, கும்பிட்டீங்க, வெரசா மலையேறுங்க. இங்க உங்களுக்கு ஒரு சோலியும் இல்ல."

திரும்ப அடிவாரத்துக்கு நடந்தேன். அங்கே பாதை ஓரத்தில் பச்சை குத்துகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் சுற்றி எரித்த கரியை ஒரு கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்தாள். சத்தியம் கரைந்துபோகும், தோலில் குத்தினது போகாது என்று எனக்கு அப்போது தோன்றியது. கையை நீட்டினேன்.

"யார் பேரு குத்தணும்? பொண்டாட்டியா, வேற யாருமா?"

"பேரு வேண்டாம்க்கா. குடிய விட்டுட்டேன். அதுக்கு அடையாளமா ஏதாவது குத்துங்க."

"என்னைக்கு விட்ட?"

"இன்னைக்குக் காலையில."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏலே, காலையில பொறந்த பிள்ளைக்குச் சாயங்காலம் கல்யாணமா? வேல் மட்டும் குத்துறேன். அடுத்த பூசத்துக்குத் தொடாம வா. கீழ ஒரு புள்ளி வைக்கிறேன். வருசத்துக்கு ஒரு புள்ளி. தொட்டுட்டா வராத."

மூன்று ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தாள். அது இறங்க இறங்க, வலி தெரியாமல் இருக்க ஏதோ பாட்டை முனகினாள். எனக்கு வலித்ததெல்லாம் வேறு இடத்தில்.

ரத்தம் காயாத கையோடு மறுபடியும் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். என் மனைவி, வீங்கியிருந்த அந்த வேல் குறியைப் பார்த்தாள். மூன்று விரலை நீட்டினாள். "மூணு புள்ளி விழட்டும். வாரேன்."

அந்த மூன்று வருஷத்தை எப்படிச் சொல்வேன்? நாலு பேர் இருந்த வீட்டில் நான் ஒருத்தன். மஞ்சு இறங்கி எதிர்வீடு மறைந்துபோகும் நேரம் வந்தால், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருக்கும். எழுந்துபோய்ப் பார்த்தால் குதிரை காலை மாற்றி மாற்றி நிற்கும். அவள் விட்டுப்போன கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது; குளிருக்கு அதைத்தான் கம்பளிக்கு மேலே போட்டுக்கொள்வேன். வாய் நமநமவென்று வரும்போதெல்லாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கல் தோண்டுவேன். என் வீட்டு அஸ்திவாரம் அப்படித் தோண்டின கல்தான். ஊருக்கு அது கெட்டி வீடு. எனக்கு மட்டும்தான் தெரியும் ஒவ்வொரு கல்லும் எந்தச் சாயங்காலத்தில் தோண்டியது என்று.

முதல் பூசம், முதல் புள்ளி. "தொட்டியா?" என்று பச்சை குத்துகிறவள் கேட்பாள். "தொடலக்கா" என்பேன். கண்ணைப் பார்ப்பாள், குத்துவாள். இரண்டாம் பூசம், இரண்டாம் புள்ளி. இரண்டும் வேலுக்கு நேர் கீழே, நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் மாமியார் வாசலில் நின்று கையைக் காட்டுவேன். என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். சொம்பை வாங்கும்போது விரல் பட்டுவிடாதா என்று இருக்கும். படாமல் கொடுப்பாள்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை. அதற்குள் ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தேன். கிளாவரையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதை சரிந்து ஜீப் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் மழை விடவில்லை. கண்ணெதிரே மூட்டை அழுகி நாற்றம் எடுத்தது. அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் நாலு பேர் தீ மூட்டிக் குந்தியிருந்தார்கள். ஒருத்தர் தம்ளரை நீட்டினார். குளிரில் என் தாடை ஆடிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை; இரண்டு நாள் குடித்தேன். மழை விட்டதும் ஒரு லாரிக்காரர் ஜீப்பை இழுத்து விட்டார். ஓடையில் தலையை முக்கி எழுந்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

பூசம் வந்தது. போகக் கூடாதென்று நினைத்தேன். போனேன். மூன்றாவது புள்ளி விழுந்தால் அவள் வருவாள் என்ற ஒரு நினைப்புக்கு முன்னால் வேறெதுவும் நிற்கவில்லை.

"தொட்டியா?"

"தொடலக்கா."

அவள் கண்ணைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஊசியை எடுத்துக் குத்தினாள். நான் கையைப் பார்க்கக்கூட இல்லை, ஓடினேன். மாமியார் வாசலில் சட்டைக் கையை மடக்கி நீட்டியபோதுதான் நானே பார்த்தேன். மூன்றாவது புள்ளி வரிசையில் இல்லை. ஒரு நெல் அகலம் விலகி, கோணலாக விழுந்திருந்தது.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தொட்டாள். அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "ஏ பிள்ளைகளா, துணிய எடுத்து வைங்க. ரெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

மலையேறி வந்துவிட்டாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பச்சை குத்தியவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வேண்டுமென்றே கோணலாக வைத்தாள் என்று அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த பூசத்துக்கு உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். "அந்தக்காவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இனி வராது" என்றாள். எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை. "நான் வைக்கவா?" என்று கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் பத்து வருஷம் பூசத்துக்குப் பூசம் அந்த வரிசையைத் தேடினேன். எண்பதுகளில் பச்சை குத்த பேட்டரி மெஷின் வந்துவிட்டது. தேடி வந்த முகம் மட்டும் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தடவை ஜீப் கவிழ்ந்து இந்தக் கை பிசகிப்போனது. என் மனைவி தினமும் எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். ஒருநாள் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்துக்கொண்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்: "கிளாவரை மழையில நீங்க குடிச்சது எனக்கு அப்பவே தெரியும். உங்க ஜீப்ப இழுத்து விட்ட லாரி டிரைவரு எங்க தெருக்காரரு."

"தெரிஞ்சா ஏன் வந்த?"

"கேட்டா பொய்தான் சொல்லியிருப்பீங்க, அதான் கேக்கல. கையப் பாத்தேன், புள்ளி கோணலாக் கெடந்துச்சு. ஊசி எறங்கும்போது உங்க கை நடுங்காம இப்படி விழுமா? முன்னெல்லாம் பொய் சொன்னா உங்களுக்கு ஒரு மசுருகூட நடுங்காது. இனிமே பொழைச்சுக்குவாருன்னு பெட்டியக் கட்டிட்டேன்."

பத்து வருஷமாக நான் பச்சை குத்தியவளின் ஊசியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கோணல் என் கையில்தான் இருந்திருக்கிறது.

இப்போது அவளும் இல்லை. போய் நான்கு வருஷம் ஆகிறது. மார்கழிக் குளிரில் கை விறைத்துக்கொள்ளும்போது நானே எண்ணெய் போட்டுக்கொள்கிறேன். இடது கைக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. தோல் சுருங்கி வேல் வளைந்துவிட்டது. மூன்றாம் புள்ளியைத் தொடும்போது மட்டும் அவள் விரல் அங்கே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

அவள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "அந்தம்மா இல்லேன்னா இந்த மனுசன் ஏது?" என்றார்கள். என் பெண்களும் அதையேதான் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. வேல் குத்தியவளுக்கு உள்ள பெருமையை அவளுக்குக் கொடுங்கள். பொய் என்று தெரிந்தும் மலையேறி வந்தவளுக்கு உள்ளதை அவளுக்குக் கொடுங்கள், பெரிய பங்கு அதுதான். ஆனால் என் கையில் ஊர் பார்ப்பது இரண்டு நிஜப் புள்ளியும் ஒரு பொய்ப் புள்ளியும் மட்டும். பின்னால் சர்க்காரே சாராயக் கடையைத் திறந்து வைத்த காலத்திலும் தொடாமல் கடந்த வருஷம் நாற்பதுக்கு மேல் இருக்கிறது, அதற்கு வைக்க ஆளில்லாமல் ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்த விழாத புள்ளிகள் அத்தனையும் நான் ஒருத்தன் சம்பாதித்தவை. இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.