ஆந்தை பார்த்த இடம்

எந்தப் பட்டனையும் செவ்வந்தி எடுத்த எடுப்பில் நடுவில் அழுத்துவதில்லை. மவுஸைக் கொண்டுபோய் முதலில் மேல் ஓரத்தில் ஒரு கிளிக், அப்புறம் வலது ஓரம், கீழ் ஓரம், இடது ஓரம். ஒரு சுற்று வந்த பிறகுதான் நடுவுக்குப் போவாள். கோயிலில்கூட இத்தனை பொறுமையாகச் சுற்றுவாளா என்பது சந்தேகம்தான். பட்டன் பதில் சொல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். "ஏங்கண்ணு, பேச மாட்டீங்கற? என்னாச்சு உனக்கு?" என்று விசாரிப்பாள். கெட்டுப்போச்சு, வேலை செய்யவில்லை என்ற சொல்லெல்லாம் அவள் வாயில் வராது. அவளைப் பொறுத்தவரை பட்டன் ஒன்று பேசும், இல்லை பேச மாட்டேங்கும்.

கணபதி என்ற பகுதியில், சத்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட சீடி செய்கிறார்கள். சீடியைப் போட்டால் கோழி நடக்கும், மயில் ஆடும், பட்டனைத் தொட்டால் அடுத்த பாடம் வரும். வரைவதற்கும் வரைந்ததை அசைய வைப்பதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் எது அசையாமல் நிற்கிறது, எது கூப்பிட்டால் வரவில்லை என்று பார்த்துச் சரிசெய்வது செவ்வந்தி. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்ற ஆசாரம் இந்தத் தொண்ணூற்றெட்டிலும் அந்த ஆபீஸை விட்டுப் போகவில்லை. வெறுங்காலோடு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத்தான் எழுந்திருப்பாள்.

காலையில் முதல் காரியம் மவுஸைத் திருப்பிப்போட்டு உள்ளே இருக்கும் உருண்டையை எடுத்துத் துடைப்பது. இடுக்கில் சுற்றியிருக்கும் அழுக்கைத் தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கால் நெம்பி எடுப்பாள். வெள்ளையாய், திரித்திரியாய் வரும். "பாருங்க, மில்லு நெறஞ்ச நம்மூரு மவுசுக்குள்ளயும் பஞ்சுதானுங்க" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டாமல் விடமாட்டாள். தினமும் அதே ஜோக். தினமும் அவளே சிரித்துக்கொள்வாள்.

அவளிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. எதையும் அழிக்க விடமாட்டாள். அந்த சாஃப்ட்வேரில் படம் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். வானம் ஓர் அடுக்கு, மரம் ஓர் அடுக்கு, பட்டன் அதற்கும் மேலே. திரைச்சதுரத்துக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெற்றிடம் கிடக்கும். அங்கே எதை நகர்த்தி வைத்தாலும் சீடியைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கும். சந்தேகப்பட்ட சாமானை எல்லாம் செவ்வந்தி அங்கேதான் ஒதுக்கி வைப்பாள். புதிதாக வந்தவர்கள் அவசரப்பட்டு டெலீட் விசையில் கை வைத்தால் போதும், அறையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும்: "அழிச்சுப்போடாதீங்க! அக்கட்டால தள்ளி வெச்சுப் பாருங்க!"

இதை அவளைப் போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்லிக் காட்டுகிறவன் ஒருவன் இருந்தான். எழில். அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலிக்காரன், அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. அசைவு செய்து கொடுக்கும்போது எழில் வேண்டுமென்றே ஒரு கோளாறை ஒளித்துவைத்துத்தான் கொடுப்பான். ஒரு மீன் பின்னால் நீந்தும். சேவல் கூவினால் வாத்து வாய் திறக்கும். செவ்வந்தி கண்டுபிடித்தால் டீ அவன் வாங்கவேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டதே இல்லை.

போன மாதம் சரவணம்பட்டி வளைவில் லாரி அவன் வண்டியில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கம்ப்யூட்டரை ரவிக்குமார் என்ற இன்னொரு ஓவியன் எடுத்துக்கொண்டான். நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அதில் உட்காரவும் இல்லை. காலி அட்டைப்பெட்டிகளும் பழைய விசைப்பலகையும் ஒவ்வொன்றாக அதில் ஏறிக் குவிந்தன.

அவன் செய்துமுடித்த கடைசி வேலை ஓர் ஆந்தை. சத்தியமங்கலத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் லட்சுமணசாமி கேட்ட கணக்கு சீடி அது. கிளையில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் ஆந்தை. மவுஸ் போகிற பக்கமெல்லாம் கண்ணை உருட்டிப் பார்க்கும். லட்சுமணசாமிக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "காலங்காத்தால ஆந்தை மூஞ்சியிலயாங்க எங்க புள்ளைங்க முழிக்கோணும்?" என்றார். அது ராத்திரியில் கண் தெரிகிற வாத்தியார் என்று எழில்தான் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

இப்போது அந்த ஆந்தை மவுஸைப் பார்க்கவில்லை.

மவுஸை எங்கே நகர்த்தினாலும் அது கண்டுகொள்ளாமல் வேறெங்கோ பார்த்தது. பார்வை ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. திரையின் கீழ்ப்பக்கம் இடது மூலையிலிருந்து மெல்ல மெல்ல வலது பக்கம் நகரும், அங்கே சற்றுநேரம் நிற்கும், பிறகு அதேபோல் திரும்பிப் போகும். யாரோ அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க, ஆந்தை அந்த ஆளையே கவனிப்பது போல இருந்தது. போன வாரம் இந்த அறையில் நின்று இதைப் பார்த்த லட்சுமணசாமி பாதியில் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

அதோடு 'அடுத்து' பட்டனும் கோளாறு பண்ணியது. வலது கீழ்மூலையில் இருக்கும் பட்டன் அது. சில நேரம் பேசும், சில நேரம் எத்தனை அழுத்தினாலும் பேசாது. கோளாறு என்றால் ஒரேயடியாகக் கோளாறாக இருக்கவேண்டும், வந்து வந்து போனால் அது வேறு சமாசாரம் என்று ஆபீஸில் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி சென்னகேசவன் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கோத்துவந்து செவ்வந்தியின் திரைமேல் தொங்கவிட்டார். தொங்கவிட்டதோடு நிற்கவில்லை.

"அம்மணி, பொழுதோட லட்சுமணசாமியண்ணன் வந்துருவாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா ஆந்தை. இல்லீன்னா ரவிக்குமார் வரைஞ்சு வெச்சிருக்கற கிளியப் போட்டுக் குடுத்தர்லாம். போனவன் வேலையக் கட்டிக்கிட்டு அழுவ முடியாது பாரு."

"சரிங்ணா" என்றாள் செவ்வந்தி. எழில் தொட்ட வேலைகளில் ஆரம்பம் முதல் முடிவுவரை அவனுடையது இந்த ஆந்தை ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ வரைந்ததற்கு அவன் கால் கொடுத்தது, கை கொடுத்தது. கடைசித் திரையில் 'ஓவியமும் அசைவும் எழில்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தான். 'அடுத்து' பேசினால்தான் ஒரு பிள்ளையாவது அந்தத் திரை வரைக்கும் போகும். கிளி வந்துவிட்டால் அந்தத் திரையே இருக்காது.

வழக்கம்போல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். மேல், வலது, கீழ், இடது. பேசியது. நடுவில் அழுத்தினாள், பேசியது. இன்னொரு முறை அழுத்தினாள், பேசவில்லை. இரண்டு கிளிக்குக்கும் நடுவில் அவள் எதையும் தொடவில்லை. நிரலை வரிவரியாகப் பார்க்கலாம். ஆனால் எழில் எழுதியது சிக்குப்பிடித்த தலைமுடி, பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஆந்தையையே பார்த்தாள். அதன் கண்கள் வலது மூலையில் நின்றிருந்தன. சற்றுநேரத்தில் இடப்பக்கம் நகர்ந்தன. சும்மா அழுத்திப் பார்த்தாள். பட்டன் பேசியது. கண்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து அழுத்தினாள். பேசவில்லை.

இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான். ஆந்தை எங்கே பார்க்கிறதோ அங்கே பட்டன் செத்துப்போகிறது. ஆந்தை பார்வையை எடுத்தால் உயிர் வருகிறது. ஏசி அப்படியொன்றும் குளிரவில்லை, ஆனாலும் செவ்வந்திக்கு முழங்கை மயிர் எழுந்து நின்றது.

"அங்க யாரு கண்ணு நிக்கறது?" என்று ஆந்தையைக் கேட்டாள். பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த ரவிக்குமார் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

அவள் அடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்தாள். வானம் போனது, மரம் போனது, கிளை போனது. ஒன்றுமில்லாத வெள்ளையில் ஆந்தை மட்டும் தொங்கிக்கொண்டு, இல்லாத ஆளைப் பார்த்தபடி கண்ணை உருட்டியது. ஆந்தையையும் மறைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் ஓர் அடுக்கு இருந்தது. அதில் படமும் இல்லை, நிறமும் இல்லை. கோட்டு வரம்புகளை மட்டும் காட்டச் சொன்னபோது ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. ஒளி ஊடுருவும் பட்டன். இடதுக்கும் வலதுக்கும் நடந்துகொண்டிருந்தது. 'அடுத்து' மேல் வந்ததும் நின்றது. ஆந்தையின் கண்களை எழில் மவுஸோடு கட்டாமல் இந்தச் சதுரத்தோடு கட்டியிருந்தான். சதுரம் மேலே நிற்கும்போது கிளிக் எல்லாம் அதன்மேல்தான் விழுந்தது. கீழே இருந்த 'அடுத்து' வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

"அடப்பாவி" என்றாள் செவ்வந்தி சத்தமாக. விளையாட்டு முடிந்துபோயிற்று என்று அவள் நினைத்திருந்தாள். அவன் முடிக்கவில்லை.

சதுரத்தை அழுத்தினால் ஒலி ஒன்று வரும்படி அமைத்திருந்தான். அந்த அறையில் ஸ்பீக்கர் கிடையாது. கீழே லேத் போடும் இரைச்சலில் எதுவும் கேட்காது என்று இருந்த ஒரே ஜோடியைச் சென்னகேசவன் தன் அறையில் வைத்துக்கொண்டார். ரவிக்குமாரின் வாக்மேன் பையிலிருந்து இயர்போனை உருவிக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினாள். சதுரத்தை அழுத்தினாள். ஏதோ கசகசவென்று வந்தது. பட்டறை இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது கரண்ட் போனது. விளக்கு, விசிறி, ஏசி எல்லாம் அடங்கின. கம்ப்யூட்டர் மட்டும் விட்டுவிட்டுக் கூவும் யூபிஎஸ்ஸின் தயவில் ஓடியது. கீழே லேத்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. முதலில் வேலையைச் சேமித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

காதுக்குள் லேத் ஓடியது. திடுக்கிட்டு ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றினாள். பட்டறை நின்றுதான் இருந்தது. தெருவில் காக்கை கத்துவது கேட்டது. திரும்ப மாட்டினாள். லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பதிவுசெய்த அன்றைய லேத். அதற்கு நடுவே, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு எழில் பேசினான்.

"ஏனுங்க்கா, கண்டுபுடிச்சுட்டீங்களா? நாந்தானுங்க. இங்கதான் நிக்கறேன். அழிச்சுப்போடாதீங்க்கா. அக்கட்டால தள்ளி வெச்சுப் பாருங்க."

மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறான். குரலிலேயே தெரிந்தது. செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டும்தான் வந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக 'அடுத்து' போகவில்லையென்று ரவிக்குமார் அழுத்தினான், சென்னகேசவன் அழுத்தினார், லட்சுமணசாமிகூடப் போன வாரம் அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் அவன் பேசியிருக்கிறான். அத்தனை பேர் சுற்றி நிற்க, யாருக்கும் கேட்காமல், நாந்தானுங்க, இங்கதான் நிக்கறேன் என்று சொல்லிச் சொல்லி நடந்துகொண்டிருந்திருக்கிறான்.

கரண்ட் வந்தது. லேத்கள் கிளம்பின.

ஒரு விசையைத் தட்டினால் சதுரம் போய்விடும். ஆந்தையின் கண்ணை மவுஸோடு கட்ட இன்னொரு வரி. சாதாரணமாக யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், முதலாளி கேட்டதும் அதைத்தான். செவ்வந்தி சதுரத்தின் நடையை மட்டும் நிறுத்தினாள். பிறகு அதை மவுஸால் பிடித்து இடப்பக்கம் வெளியே கொண்டுபோய் வைத்தாள். ஆந்தை அவளுக்கு இடப்பக்கம் இருந்த வெறும் சுவரைப் பார்த்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். சதுரத்தைத் திரும்பப் பிடித்து, திரைக்குக் குறுக்கே இழுத்து, வலது ஓரத்தைத் தாண்டிச் சாம்பல் வெளியில் வைத்தாள். "உக்காரு கண்ணு. நடந்தது போதும்" என்றாள்.

லட்சுமணசாமி வெயில் தாழ வந்தார். சென்னகேசவனும் அவரும் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். செவ்வந்தி ஓரத்திலிருந்து சுற்றி வந்து நடுவில் அழுத்தினாள். 'அடுத்து' பேசியது. அடுத்ததற்கும் பேசியது. கடைசித் திரையில் அந்தச் சின்ன எழுத்து வந்ததும் சென்னகேசவன் தொண்டையைச் செருமினார். முதல் திரைக்குத் திரும்பிவந்தபோது ஆந்தை கண் இமைக்காமல் வலப்பக்கமாய், திரைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது எங்கம்மணி பாக்குது?" என்று கேட்டார் சென்னகேசவன்.

"அக்கட்டால பாக்குதுங்ணா."

"இருக்கட்டும் உடுங்க" என்றார் லட்சுமணசாமி. "ஒரே பக்கம் பாத்துக்கிட்டுச் சிவனேன்னு இருக்குதில்ல. அன்னிக்கு மாதிரி அலையலீல்ல. அது போதுமுங்க."

சீடியை எழுதிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். சென்னகேசவனும் லட்சுமணசாமியும் பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போன பிறகு செவ்வந்தி எழுந்தாள். வலப்பக்கத்தில் எழிலின் நாற்காலியில் குவிந்திருந்த அட்டைப்பெட்டிகளைத் தரையில் இறக்கி வைத்தாள். பழைய விசைப்பலகையை எடுத்து அதன்மேல் வைத்தாள். சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்து, ஆந்தைக்கு நேராகத் திருப்பிப் போட்டாள்.