ஆணி அடிக்கக் கூடாத வீடு

காஜா பெராங் பகுதியில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டில் மூன்று கதவுகள். மூன்றிலும் கைப்பிடி ஆட்டம் கண்டிருந்தது. வாசல் கதவின் குமிழைத் திருகினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், பூட்டின் நாக்கு உள்ளே போகாது. அடுக்களைக் கதவுக்குப் பிடி என்று ஒன்றே இல்லை, கயிறு கட்டி வைத்திருந்தோம். பின்னறைக் கதவுதான் பெரிய வில்லங்கம். அதைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்து, பிறகுதான் திருக வேண்டும். பழகிப் போனதால் எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை.

முதல் பிள்ளை பிறந்த அன்றுதான் தெரிந்தது. வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. பிரசவம் பார்க்க வந்த மலாய்க்கார அம்மாவைத் தெருவே மாக் பீடான் என்றுதான் கூப்பிடும். அவர் கூடத்துக்கு வந்து, வீட்டில் மூடிக் கிடப்பதையெல்லாம் திறக்கச் சொன்னார். கதவு, பெட்டி, அலமாரி, முடிந்து வைத்த மூட்டை, எதுவும் கட்டுண்டு இருக்கக் கூடாது. நம் சனங்களிடமும் உள்ள வழக்கம்தான் இது. என் மனைவி அதற்கு முன்பே கொண்டையை அவிழ்த்துப் போட்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்து கடைசியில் பின்னறைக் கதவைத் திருகினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தான்.

மாக் பீடான் கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவியும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் மனத்தில் காரியம் முடிவாகிவிட்டது. கதவு மூடிக் கிடந்தது, அதனால் பிள்ளை போனான். இதை நான் நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் அந்தக் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தானே. அப்படி நின்றவனுக்கு நம்பாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

அவள் மறுபடி உண்டானபோது ஊரெல்லாம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் என்றே பேச்சு. நான் அப்போது டவுனுக்கும் செங் என்ற ஊருக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் வெள்ளைக்காரன் போகப் போவதைப் பற்றித்தான் பேசினான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாயம் பூசினார்கள். என் வீட்டில் மட்டும் வேறு பேச்சு.

"ஊரே சாயம் அடிக்குது. நமக்கு அதெல்லாம் வேணாங்க. கைப்பிடியெல்லாம் மாத்திக் கொடுங்க, போதும். எந்தக் கதவும் என்னைய ஏமாத்தக் கூடாது."

அவள் அதைச் சொன்ன விதம் என்னை உலுக்கிவிட்டது. அடுத்த ஓய்வு நாளில் சீனத் தவுக்கேயின் இரும்புக்கடைக்குப் போய்ப் பித்தளைக் கைப்பிடிகள், பூட்டுகள், கீல், திருகாணி எல்லாம் வாங்கி வந்தேன். சுத்தியலை எடுத்து முதல் அடி அடித்தேனோ இல்லையோ, நோன்யா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"ஜாங்கான், ஜாங்கான்."

வேண்டாம் என்கிறார். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடித்தால் பிள்ளைக்கு உதடு பிளக்குமாம். உளி வைத்தால் காது மடங்குமாம். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். என் மனைவியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்கம்மாவும் இதைத்தான் சொல்வாங்க. எப்படிங்க மறந்தேன்? சுத்தியலைக் கீழ வைங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைப்பிடியை மாற்றாவிட்டால் கதவு திறக்காது, பிள்ளைக்கு ஆகாது. மாற்றினால் ஆணி அடிக்க வேண்டும், அதுவும் பிள்ளைக்கு ஆகாது. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என் ஒருவனை மடக்கியது போல் இருந்தது. "உனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினேன். "பிள்ளை வேணும்" என்றாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். கதவுகளைக் கழற்றி வீட்டு எல்லைக்கு வெளியே, சாக்கடைக்கு அப்பால் இருந்த ரம்புத்தான் மரத்தடிக்குத் தூக்கிப் போனேன். அடிப்பது, செதுக்குவது எல்லாம் அங்கே. வீட்டுக்குள் திருப்புளி மட்டும். திருகாணியை முறுக்கினால் சத்தமில்லை, தோஷமில்லை என்று நோன்யாவும் ஒத்துக்கொண்டார். கதவில்லாத வீட்டில் இரண்டு இரவு பழைய சேலையைத் தொங்கவிட்டுப் படுத்தோம். போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல் செய்தான். நான் தலையால் தண்ணீர் குடித்து வாசல் கதவையும் அடுக்களைக் கதவையும் முடித்தேன். அவள் குழந்தையைத் தடவுவது போல் அந்தப் பித்தளைப் பிடிகளைத் தடவித் தடவித் திறந்து பார்த்தாள்.

பின்னறைக் கதவு சொன்னபடி கேட்கவில்லை. பூட்டின் நாக்கு போய் விழுவதற்கான தகட்டை நிலையில் பள்ளம் தோண்டிப் பதிக்க வேண்டும். கதவை மரத்தடிக்குத் தூக்கலாம், நிலையை எப்படித் தூக்குவது? உளி வைக்கக் கூடாது என்பதால் தகட்டை நிலையின் மேலேயே வைத்து முறுக்கினேன். அது துருத்திக்கொண்டு நின்றது. அதற்குத் தக்கபடி கதவின் விளிம்பை வெளியே கொண்டுபோய் இழைத்து வந்தேன். மூடினால் பிடித்துக்கொண்டது. தள்ளினால் திறந்தது. ஆனாலும் மழை பெய்து மரம் ஊதினால் என்ன ஆகுமோ என்று அந்தக் கதவை மூடுவதே இல்லை என்று முடிவு செய்து ஓரமாக ஒரு செங்கல்லை வைத்தோம்.

ஆகஸ்டில், கொடி கட்டும் வேலை தெருவில் மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் வாசல் கதவையும் அடுக்களைக் கதவையும் அகலத் திறந்தேன், அலமாரியைத் திறந்தேன், சர்க்கரை டப்பாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்துவிட்டு மாக் பீடானைக் கூப்பிட ஓடினேன். நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே திரும்பியபோது கூடத்தில் அவள் இல்லை. பின்னறைக் கதவு மூடியிருந்தது.

பின்னறையில் இருந்த அவளுடைய தகரப் பெட்டியைத் திறக்க நான் மறந்துவிட்டேன். அதைத் திறக்கத்தான் அவள் உள்ளே போயிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் புகுந்த மழைக்காற்றுக்கு எதிரே எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. செங்கல்லையும் நகர்த்திக்கொண்டு கதவு அறைந்து சாத்திவிட்டது.

கைப்பிடியைத் திருகினேன். அழகாகத் திரும்பியது. நாக்கும் உள்ளே போனது. கதவு மட்டும் அசையவில்லை. ஊதிய மரம் அந்தத் தகட்டில் போய் இறுகிக்கொண்டிருந்தது. தோளால் ஓர் இடி இடித்தேன்.

"இடிக்காதீங்க." உள்ளிருந்து அவள் குரல். "வேணாங்க. வயித்துல வந்து விழுது."

திருப்புளியால் கைப்பிடியைக் கழற்றினேன். பூட்டைக் கழற்றினேன். கதவில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். கீல் அறைக்குள் பக்கம். ஜன்னலுக்கு ஓடினேன், கம்பி போட்ட ஜன்னல். நோன்யா குடை பிடித்துக்கொண்டு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். கம்பிக்குள் கையை விட்டு அவளைத் தொட முயன்றுகொண்டிருந்தார், எட்டவில்லை. அவள் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

மறுபடி கதவுக்கு வந்தேன். மாக் பீடான் மலாயில், கதவை உடை என்றார். நான் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் பிள்ளைக்குக் கதவைத் திறக்க முடியாதவன், இரண்டாவது பிள்ளையை என் கையாலேயே அடிக்கப் போகிறேனா? நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நம்பினேன். சாமி பெயர், சைத்தான் பெயர் எல்லாம் வாயில் வந்தது.

"அடிக்கவாம்மா?" என்று ஓட்டை வழியே கேட்டேன். மாக் பீடான் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். "சொல்லும்மா. நீ சொல்லாம நான் அடிக்க மாட்டேன்." என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரலாகக் கேட்டது. ஒரு நீண்ட முனகல் வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசினாள்.

"தலை வந்துடுச்சுங்க. அடிங்க. உடைச்சிடுங்க."

அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பிஞ்சு உதடும் காதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அழுதுகொண்டே அடித்தேன். பலகை பிளந்தது, நிலை பிளந்தது, தகடு பிய்ந்து எங்கோ போய் விழுந்தது. மாக் பீடான் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தார். நான் சிராய்களுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பொத்திய கைகளையும் மீறி அழுகை கேட்டது.

பெண் பிள்ளை. அவளைக் கழுவிக் கொடுத்ததும் என் மனைவி முதலில் பார்த்தது உதட்டை. பிறகு காது மடல். விரிந்து மடங்கிய விரல்கள், அண்ணம், தலையின் பின்பக்கம். ஒன்றுமில்லை. நோன்யாவும் வந்து பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சிவப்புத்தாளில் சுற்றிய முட்டை வைத்துவிட்டுப் போனார். அப்படியும் அவள் ஓயவில்லை. பால் கொடுக்கும் போதெல்லாம் துணியை விலக்கித் தேடிக்கொண்டே இருந்தாள். நான், விட்டுத்தொலையேன் என்று எரிந்து விழுந்தேன். ஏதாவது ஒரு தழும்பு இருந்திருந்தால் அவள் நிம்மதியாகியிருப்பாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

மெர்டேக்கா அன்று தெருவே பாடாங் திடலுக்குப் போய்விட்டது. நோன்யா வீட்டு ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பின்னறைக்குக் கதவில்லை. பிளந்த நிலையோடு அப்படியே கிடந்தது. அவள் பிள்ளையை மடியில் அம்மணமாகப் போட்டு, தலையிலிருந்து கால்வரை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு துணியைச் சுற்றினாள்.

"அவ்வளவு அடி அடிச்சீங்க. இவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. அதான் நல்லாருக்காளே."

"கதவு மூடித்தான் கிடந்துச்சு. அப்பவும் தலை வந்துச்சு."

நான் தலையாட்டினேன். அவள் சந்தோஷப்படப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த உடைந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் ஏங்க செத்தான்?"

அன்றுதான் அவள் முதல் பிள்ளைக்காக, புதிதாக இறந்தவனுக்கு அழுவது போல் அழத் தொடங்கினாள். நான் அவள் மடியிலிருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டேன்.