பாவாடை கட்டிய ரப்பர் மரங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறியவர்கள் மாமா, நான், கொழும்பிலிருந்து வந்த ஏழு பேர். அப்பாவும் அம்மாவும் இல்லை. தோட்டத்து மேல் டிவிசனில் ஒருவர் இறந்து கேதம். விடிவதற்கு முன்பே போயிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்திருந்தால் நாங்கள் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலைத் தாண்டியிருக்க மாட்டோம்.

மாமா அம்மாவின் தம்பி. பதினைந்து வயதிலேயே மாவனல்லையில் ஒரு பாத்திரக் கடைக்கு வேலைக்குப் போனவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று காலை கடைக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்த ஒரு கூட்டம் எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் மலைக்கு வழி கேட்க, அது எங்கள் மலைதான், கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறுவேன் என்று சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார். உண்மையில் எங்கள் லயத்தில் ஒருவர்கூட அந்த உச்சியைப் பார்த்ததில்லை. ஆறு நாளும் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் ஏழாவது நாளும் எதற்காக ஏறப் போகிறார்கள்? விறகு பொறுக்க நான் பாதி மலை வரைக்கும் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் படித்த என்னை மாமா கூட்டிக்கொண்டது அதனால்தான்.

"நீ முன்னாடி போடா. வழி தெரியாதுன்னு மூஞ்சில காட்டிறாத. நான் என்னா சொன்னாலும் தலைய ஆட்டு, வெளங்குச்சா?"

வந்தவர்கள் காலையில் ரம்புக்கனையில் ரயிலிறங்கி வேன் பிடித்து வந்திருந்தார்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் அட்டை கடிக்காமலிருக்கச் சவுக்காரம் பூசியிருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த மிஸ் என்னைச் சிங்களத்தில் 'மல்லி', தம்பி, என்று கூப்பிட்டு ஒரு பிஸ்கட் பைக்கற்றும், என் கைக்கு இரண்டு மடங்கு பெரிய ரப்பர் கையுறையும் கொடுத்தார். எங்கே நடந்தாலும் திரும்பும்போது வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போவது அவர்களுடைய வழக்கமாம். ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தார்கள்.

விறகுக்காடு முடிந்ததும் என் வழியும் முடிந்தது. அதற்கு மேலே நான் காலடி தெரிந்த பக்கமாகப் போனேன். பின்னால் வந்த மாமா ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தார். உச்சியில் நின்று தூரத்தில் தெரிந்த கூரைகளுக்கெல்லாம் தயங்காமல் பெயர் சொன்னார். ஏழு பேரும் படமெடுத்தார்கள். எனக்கே மாமாவைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

இறங்கும்போது வழி தவறியது. காட்டை விட்டு வெளியே வந்தபோது நாங்கள் நின்றது அப்பா ரப்பர் பால் வெட்டும் மலையில். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுக்கு மேலே தார் பூசி, சுற்றிவரப் பொலித்தீன் ஒட்டியிருப்பார்கள். பட்டை நனைந்தால் அன்றைக்கு அந்த மரத்தில் வெட்டு இல்லை. பாவாடை என்றுதான் நாங்கள் சொல்வோம். மாமா கடைக்குப் போன பிறகுதான் எங்கள் தோட்டத்துக்கு அது வந்தது. அந்த வருடத்துப் பாவாடைகள் பாசி பிடித்து, கறுத்து, அங்கங்கே கிழிந்து தொங்கின.

மிஸ் ஒரு மரத்தடியில் நின்று, இதுவும் குப்பைதானே என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஔ மிஸ், ஒக்கோம குணு தமய்" என்றார் மாமா. ஆமாம், எல்லாம் குப்பைதான்.

நான் மாமாவின் சட்டையை இழுத்தேன். அவர் என் தோளில் நறுக்கென்று கிள்ளினார். மிஸ்சுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "அப்படியா மல்லி?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். நான் தலையை ஆட்டினேன்.

மூச்சுவிட முடியாமல் நின்ற மரங்கள், பாவம் என்று சொல்லிச் சொல்லிக் கிழித்தார்கள். நானும் கையுறையைப் போட்டுக்கொண்டு என் கைக்கு எட்டிய நான்கு மரங்களில் கிழித்தேன். மொத்தம் அறுபத்திரண்டு மரங்கள். மாமா கையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்துவிட்டு, சாக்குகளையும் பொறுப்பாகக் கட்டித் தூக்கிக்கொண்டு மாலை ரயிலுக்குப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மாமாவும் மாவனல்லைக்குப் பஸ் ஏறினார். கேத வீட்டிலிருந்து நனைந்துகொண்டு வந்த அப்பாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நான்கு மரங்கள் உட்பட. அம்மாதான் தன் தம்பியைத் திட்டித் தீர்த்தார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே எத்தனை மரம் என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை கங்காணி லயத்துக்கே வந்துவிட்டார்.

"என்னாய்யா, ஒம் மரமெல்லாம் அம்மணமா நிக்கிது?"

"மாடு இழுத்திருச்சுங்க போல."

"மாடா? பொலித்தீனக் கிழிச்சு, மடிச்சு, கையோட கொண்டு போச்சாக்கும்? நல்லாப் படிச்ச மாடுதான். வெளி ஆளு யாராச்சும் உள்ள வந்தானுங்களா, சொல்லு. தொரைகிட்டச் சொல்லணும்."

அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யாரும் வரலைங்க. பழசாப் போச்சுன்னு நான்தான் கழட்டுனேன். மழ வரும்னு நெனைக்கல. சம்பளத்துல புடிச்சுக்கங்க."

"இந்த மாசத்துல மழ வரும்னு நெனைக்காத ஒரே வெட்டுக்காரன் நீதான்யா."

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. செய்யாததைச் செய்தேன் என்று சொல்கிற அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பல நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த வருடக் கடைசியில் மாவனல்லைப் பள்ளிக்கூடத்தில் என்னை ஆறாம் வகுப்புக்குச் சேர்த்தார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்று தோட்டத்து நிர்வாகியான துரை கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விட்ட குடும்பத்துக்கு அந்தத் துரை எந்தக் கடிதமும் கொடுத்ததில்லை. கங்காணி முன்னால் நின்றபோது அப்பாவுக்கு இது தெரியும். எனக்குத் தெரிய வந்தது உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், அம்மா பேச்சுவாக்கில் சொன்னபோதுதான்.

வெட்டக் கூடிய மரம் குறைந்து பால் நிறை காணாததால் அரை நாள் சம்பளம் மட்டும், அதாவது அரைப் பேர், விழுந்த பதினொரு நாள், புதுப் பொலித்தீன், தார், ஒட்டிய ஆளுக்குக் கூலி: அந்த மழைக்குப் பிறகு வந்த இரண்டு மாதச் சம்பளச் சிட்டையில் அப்பாவுக்குக் குறைந்த தொகை ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா.