வெயில் பக்கம், மழைப் பக்கம்

எனக்கு மூச்சிரைப்பு. தையல்காரனுக்கு அது வரவே கூடாது. தைத்த துணியைத் தேய்க்காமல் கொடுக்க முடியாது; தேய்ப்பதற்குக் கரிப்பெட்டியை மூட்டினால் அந்தப் புகையில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். "கரியை விடுங்க வீரப்பன், இல்லாட்டி தொழிலை விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் எனக்கு என்ன தெரியும்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அறுபத்திரண்டாம் வருஷத்தில் ஒரு கரண்டு இஸ்திரிப்பெட்டி வாங்கினேன். சனியன், அது சூடாகவே இல்லை.

தூக்கிக்கொண்டு நாகல் நகர் முனீர் பாய் கடைக்குப் போனேன். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டிகளுக்குள்ளே சூடாகிற கம்பியைச் சுற்றிக் கொடுப்பவர் அவர். நாம் நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற ஆள். அன்றைக்கு என்னவோ கொஞ்சம் தாராளமாகப் பேசினார்.

"பெட்டியில குத்தமில்லண்ணே. எரியோடு ஊர்ப் பக்கம் அம்புட்டு கெணத்துலயும் மோட்டார் ஓடுது. மிச்சக் கரண்டுதான் நமக்கு வருது. கம்பி நீளத்தைக் குறைச்சா நல்லா காயும்."

குறைத்துக் கொடுத்தார். காய்ந்தது பாருங்கள், அப்படிக் காய்ந்தது! ஊரில் பாதிப் பேர் அவரிடம் கம்பியைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடை முழுக்க நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வயலில் தண்ணீர் நிற்கும்போது மோட்டார் எதற்கு? எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குள் கரண்டு முழுசாக வந்தது. குறைத்த கம்பி அதைத் தாங்குமா? பாய் கைபட்ட பெட்டிகளிலெல்லாம் ஒரே நாளில் கம்பி சிவந்து அறுந்துபோனது. என்னுடையதும்தான்.

மறுநாள் அவர் கடை வாசலில் ஒரே கூச்சல். "நாந்தேன் யோசிக்கல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் இரைப்பு வந்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் கூட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "காலையில கரி மூட்டுனீங்களா?"

தலையாட்டினேன்.

"பெட்டியை வச்சுட்டுப் போங்கண்ணே. இனிமே மூட்டாதீங்க."

சில நாள் கழித்து அவரே கொண்டுவந்தார். சூடு தாங்கும் மைக்காத் தகட்டில் முழுக் கம்பியையும் சுற்றி, நடுவில் ஓர் இணைப்பு எடுத்து, கைப்பிடி ஓரம் ஒரு குமிழ் வைத்திருந்தார். வெயில் பக்கம் திருப்பினால் குறைந்த கம்பி காயும். மழைப் பக்கம் திருப்பினால் முழுக் கம்பி.

"மழை வந்தா மட்டும் மறக்காமத் திருப்பிருங்கண்ணே" என்று போகும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருஷம் முதல் மழை நடுப்பகலில் இறங்கியது. தூறல் சத்தம் கேட்டதுமே குமிழைத் திருப்பிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். பாய். சொட்டச் சொட்ட நனைந்து, கடையைப் பூட்டிவிட்டு நாகல் நகரிலிருந்து ஓடி வந்திருக்கிறார். எனக்கு வந்த இரைப்பு அவருக்கு வந்திருந்தது.

"திருப்புனீங்களாண்ணே?"

குமிழைக் காட்டினேன். கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடி வரமாட்டான். தேய்த்து முடித்து இன்னும் சூடு ஆறாமலிருந்த சட்டையை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். யாரோ வக்கீலுடைய சட்டை. வந்து கத்தினால் கத்தட்டும்.