மெஷின் சத்தத்தில் சொன்னது

அந்த முடிதிருத்தும் கடைக்காரருக்கு ‘ஜீரோ மாஸ்டர்’ என்றுதான் பெயர். வெயில் காலம் வந்துவிட்டால் போதும், நாற்காலியில் உட்காருகிறவர் வாயைத் திறப்பதற்குள், “ஜீரோ போட்டுடலாமா? முடியை எடுத்தாலே பாதிச் சூடு போயிடும்” என்பார். முப்பது வருஷமாக இதே பாட்டு. அதை நம்பி மொட்டைத் தலையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய அக்கா, மகளின் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் வெளியூர் கிளம்பினாள். தன் நாய் பஞ்சுவைத் தம்பியிடம் விட்டுப் போக வந்தாள். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை பஞ்சு ஒன்றுதான். உடம்பு முழுக்க வெள்ளை முடி. அதற்குள் எங்கேயோ ஒரு நாய். மாஸ்டர் யாரோ ஒருவருடைய தலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“தம்பி, இவனுக்கு முடியை மட்டும் வெட்டிடாதே. தினமும் சீப்பு போட்டு, உதிர்ற உள்முடியை எடுத்துவிடு. நிழல்ல படுக்க வை, தண்ணியை மாத்தி மாத்தி வை. அது போதும்.”

மெஷினை நிறுத்தாமலே மாஸ்டர் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் ஒரே எரிச்சல். முடியைப் பற்றி எனக்கே பாடமா!

இரண்டு நாள் சீப்பு போட்டார். மூன்றாம் நாள் கடை முழுக்க வெள்ளை முடி பறந்தது. ஒருவருடைய டீயிலேயே விழுந்துவிட்டது. பஞ்சுவும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைத்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருக்கிப் பெருக்கி அலுத்தும் போயிருந்தது. “வாடா ராஜா, மாமா உனக்குக் குளுகுளுன்னு பண்ணிவிடறேன்” என்று இழுத்து நிறுத்திக் கழுத்துக்குக் கீழே ஜீரோ போட்டுவிட்டார். அழகுக்காக முகத்தை மட்டும் விட்டார். அது அசையாமல் நின்று கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் மாஸ்டர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். வழக்கம்போல வாசல் படியில் படுத்த பஞ்சுவின் மேல் வெயில் ஏறியது யாருக்குத் தெரியும்? விழித்தபோது அது நிற்க முடியாமல் தள்ளாடியது. வாயில் நுரை, முதுகுத் தோல் செக்கச்செவேல் என்று கிடந்தது. “ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்!” என்று அலறி, வயிற்றிலும் காலிலும் தண்ணீரை ஊற்றி, வண்டி பிடித்து ஓடினார்.

“இந்த முடியை எடுத்தது யாரு?” என்றார் கால்நடை டாக்டர்.

“நான்தான் டாக்டர். காத்துப் படட்டுமேன்னு…”

“அட, இதுக்குக் குடையே அதுதான்யா! வெயிலை உள்ளே விடாம தடுக்கிறதே அந்த முடிதான். நம்மள மாதிரி இதுக்கு உடம்பெல்லாம் வேர்க்காது. சீப்பு போட்டு உள்முடியை எடுத்தாப் போதும். யாரும் சொல்லலையா உங்ககிட்ட?”

“இல்லைங்க” என்றார் மாஸ்டர். எப்படித்தான் வாய் வந்ததோ.

இரண்டு நாள் ட்ரிப் ஏற்றினார்கள். பஞ்சு பிழைத்துக்கொண்டது. மாஸ்டருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. தரையைத் துடைத்துத் துடைத்துக் குளிர வைத்தார். ஃபேனைத் தன் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பினார். முதுகுக்கு மருந்து தடவினார். யாராவது “ஜீரோ போடுங்க மாஸ்டர்” என்று தாங்களாகக் கேட்டால்கூடக் கை தயங்கியது. அக்கா தினமும் வீடியோவில் கூப்பிட்டாள். அவர் பஞ்சுவின் முகத்தை மட்டும் காட்டுவார். “மாமா நல்லாப் பாத்துக்கறாராடா செல்லம்?” என்று அவள் கொஞ்சுவாள். பஞ்சு அவர் கையை நக்கும். அவருக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கும்.

பதினைந்தாம் நாள் பையோடு நேராகக் கடைக்கே வந்த அக்கா, பஞ்சுவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார்: வெட்டியது, தூங்கியது, டாக்டர் திட்டியது, ட்ரிப். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

அவள் தரையில் உட்கார்ந்து அந்தச் சிவந்த முதுகைத் தடவினாள். அழுதுவிட்டாள்.

“உன்மேல தப்பில்லடா தம்பி. நான்தான் பாவி. மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் சொன்னது உன் காதுல விழுந்திருக்காது. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிட்டுச் சொல்லியிருக்கணும். என்ன அவசரம் எனக்கு!” பிறகு பஞ்சுவிடம் குனிந்தாள். “அம்மாவை மன்னிச்சுடுடா.”

மாஸ்டர் ஒன்றும் பேச வேண்டியதே இல்லை. அன்றைக்கு ஆட்டிய மாதிரி இன்றைக்கும் தலையை ஆட்டினால் போதும். பஞ்சு எழுந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

“கேட்டுதுக்கா” என்றார். “எல்லாம் கேட்டுது. தலையைக்கூட ஆட்டினேன்.”