வெளிச்சுவரில் வெள்ளைக் கேபிள்

பதினான்கு வருடங்களாக வீடு வீடாக இணையக் கேபிள் இழுப்பவள் சின்னவள். ஒரு கிளிப்புக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு சாண் இருக்கும். “என் தங்கச்சி போட்ட லைன்ல நூல் பிடிச்சுப் பாரு, கோணலே இருக்காது” என்று அண்ணன் போகிற இடமெல்லாம் அளப்பார்.

ஊரார் வீட்டு வெளிச்சுவர் என்றால், வெயிலும் மழையும் தாங்கும் கறுப்புக் கேபிளைத் தவிர வேறெதையும் தொட மாட்டாள். அண்ணன் வீட்டுக்கு மட்டும், வீட்டுக்குள் போடுகிற வெள்ளைக் கேபிள் மிச்சம் இருந்ததை, மாடி ஆண்டெனாக் கம்பத்திலிருந்து கீழறை வரை சுவரோடு இறக்கிவிட்டாள். மின்னலை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தும் கம்பத்துக்குப் போடவில்லை. நம்ம வீடுதானே, அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அந்த அடுத்த மாதம் வர மூன்று வருடமாயிற்று.

அன்று மத்தியானம் மாற்றத்தான் வந்தாள். ஏணியில் நின்று தொட்டதும் மேலுறை முட்டை ஓடு போல உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வர, இடி உருண்டது. கேபிளின் மறுமுனையில், கம்ப்யூட்டர் முன்னால், அண்ணன் மகள் கேமரா கண்காணிப்பில் வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் ஜன்னல் வழியே கத்தினாள். “பாப்பா, எழுந்து தள்ளி வா!”

“இருபது நிமிஷம்தான் இருக்கு அத்தை! எழுந்தாலும் போச்சு, நெட் கட்டானாலும் போச்சு. முதல்ல நீங்க ஏணிய விட்டு இறங்குங்க!”

இறங்கி ஓடினாள். வாசலில் அண்ணன் குறுக்கே நின்றார். “உள்ள போகாதே, கேமரா பாக்குது.”

“அண்ணே, நான் போட்டது தப்பான கேபிள். மேல இடி விழுந்தா நேரா அவகிட்டதான் வரும்.”

“நீ போட்டதா? தப்பா?” அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

உள்ளே பாய்ந்து கேபிளைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். திரையில் தேர்வு நின்றது. “ஐயோ அத்தை!” என்று அலறி எழுந்தாள் பெண்.

ஜன்னல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. கூடவே இடி, தலைக்கு மேலேயே வெடித்தது போல. மூவரும் தரையில் கிடந்த முனையையே பார்த்தார்கள்.

“ஒண்ணுமே ஆகலையே...” பெண்ணின் குரல் உடைந்தது.

சின்னவள் அண்ணன் மகளின் தோளைப் பற்றி, இன்னும் ஒரு எட்டு பின்னால் இழுத்துக்கொண்டாள்.